நைனா கேட்ட பில்

இந்த ஊரில் ஹோட்டலுக்குள் நுழைந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் உயரமான டம்ளரில் தண்ணீர் வந்துவிடும். நாம் கேட்டிருக்கமாட்டோம். முக்கால் டம்ளர் ஐஸ்கட்டி, மிச்சம்தான் தண்ணீர். வெளியே பல் கிட்டுகிற குளிராக இருந்தாலும் அதே ஐஸ்தான். நியூ ஆர்லியன்ஸுக்கு நான் வந்து ஒன்பது வருடமாகிறது. குடிதண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில்தான் வேலை. இந்தத் தண்ணீரில் ஒரு கெடுதலும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறவர்களில் நானும் ஒருத்தி. இருந்தும் ஐஸ் மிதக்கும் டம்ளரைப் பார்த்தவுடன், “தொண்ட கட்டிக்கும், கீழ வை” என்று அம்மா போட்ட அதட்டல்தான் முதலில் காதில் விழுகிறது. கடல் தாண்டி வந்து குடியிருப்பவர்களுக்கு இது புரியும். ஊரில் இருக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

போன வருடம் நைனா இங்கே வந்திருந்தபோது அந்த டம்ளரை விரலால் அரை அடி தள்ளி வைத்துவிட்டு, “நாம கேக்கவேயில்ல, இன்னாத்துக்கு வெக்கிறாங்க?” என்றார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கள்ளிக்குப்பத்தில் பிறந்து, ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் ஃபிட்டராக இருந்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்த கையோடு கோவில்பதாகையில் வீடு கட்டிக்கொண்டவர். திருநெல்வேலி, சேலம், மதுரை என்று எல்லா ஊர்க்காரர்களும் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். அத்தனை பேர் நடுவிலும் தன் மெட்ராஸ் பேச்சைக் கொஞ்சமும் மாற்றிக்கொள்ளாமல் காலம் தள்ளியவர். அம்மா தவறிப்போன பிறகு விமானத்தில் ஏறியதே பெரிய விஷயம். அதுவும் ஊர் பார்க்க ஏறவில்லை. டெரன்ஸ் என்று ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன், இந்த ஊர்க்காரர், கறுப்பினத்தவர், கிறிஸ்தவர், ஆற்றில் ஓடும் ஃபெரி படகுகளின் எஞ்சினைப் பழுது பார்க்கிறவர் என்று நான் போனில் மூச்சு விடாமல் சொல்லி முடித்தபோது, அந்தப் பக்கத்திலிருந்து ஒரே வரிதான் வந்தது. “வந்து பாத்துட்டு சொல்றேன்.”

அந்த ஒரு வரி என்னை எப்படி ஆட்டிவைத்தது என்று புரிய வேண்டுமானால் எங்கள் அக்கா அமுதாவைப் பெண் பார்த்த கதையைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் உங்களுக்குத் தெரியாததில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், கேசரியில் ஒரு வாய் எடுப்பார்கள். சோற்றில் மட்டும் கை நனைக்கமாட்டார்கள். சோறு சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. முதலில் நெமிலிச்சேரியிலிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். போட்டோ ரொம்பப் பிடித்துவிட்டது என்று முன்கூட்டியே போன் வந்திருந்ததால் அம்மா நம்பிக்கையோடு வடை, பாயசத்தோடு சமைத்து வைத்திருந்தாள். அவர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்தார்கள். “வீட்ல கலந்துகிட்டு சொல்றோம்” என்று எழுந்தார்கள். போய்விட்டார்கள். நைனா வாசல் வரைக்கும் போய்க் கையைக் கட்டிக்கொண்டு வழியனுப்பிவிட்டு வந்து, “ஆறிடப்போவுது, போடு” என்று தனியாக இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த மதியம் நைனா நிமிர்ந்து எங்கள் யாரையும் பார்க்கவேயில்லை. இப்படி மூன்று வீடு. நாலாவதாக வந்த வீட்டு அம்மா அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, “இலை போடுங்க, பசிக்குது” என்றார். நைனா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அவர்கள்தான் இன்றைக்கும் அக்காவின் மாமியார் வீடு.

ஆக, சாப்பிடாமல் எழுந்தால் என்ன அர்த்தம், சாப்பிட்டால் என்ன அர்த்தம் என்பது எங்கள் வீட்டில் எழுதிப் பார்க்காமலே தெரிந்த பாடம். நைனா ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவாரோ என்கிற பயத்தில் எனக்கு ராத்தூக்கம் போயிற்று, வேலையில் கவனம் போயிற்று. சாப்பிட்ட வீட்டுக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவர் அவர் என்பதும் எனக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் என் புத்தி கோணலாக வேலை செய்தது. டெரன்ஸின் அம்மா ஓடெட், ஃப்ரெஞ்ச் குவார்ட்டர் என்கிற பழைய நகர்ப்பகுதியில் கிரியோல் சாப்பாட்டுக்கடை நடத்துகிறார். கிரியோல் என்றால் ஆப்பிரிக்கா, ஃபிரான்ஸ், ஸ்பெயின் எல்லாம் ஒரே சட்டியில் விழுந்து கொதித்த இந்த ஊர்ச் சமையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நைனாவிடம் யார் கடை என்று சொல்லாமல் அங்கே கூட்டிப்போய் வயிறாரச் சாப்பிட வைத்துவிட்டால், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். கை நனைத்தது நனைத்ததுதானே! ஓடெட் அம்மாளிடமும் ஒரு பொய் சொன்னேன். “நைனா ரொம்பக் கூச்ச சுபாவம். நான் கூப்பிடுகிறவரைக்கும் சமையலறையை விட்டு வெளியே வராதீர்கள்.” டெரன்ஸிடம் அன்றைக்கு அந்தப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மதியம் பன்னிரண்டரை மணி. தெரு முழுக்கச் சுற்றுலாக்காரர்கள். கழுத்தில் கலர் கலராகப் பாசிமணி, கையில் பிளாஸ்டிக் கோப்பை, கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள். “ஃப்ரெஞ்ச் குவார்ட்டரா? இங்கயும் நமக்கு குவார்ட்டர்ஸ்தானா?” என்று நைனா நல்ல மூடில்தான் இருந்தார். கடை வாசலில் நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு, “இன்னாமா, கோயில் மாதிரி நிக்கிறாங்க? சோறு சொம்மா குடுக்கறாங்களா?” என்று கேட்டார். நான் சிரித்தேன். சிரிப்பு எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

உள்ளே பதினோரு மேசை. ஐஸ் தண்ணீர் வந்தது, நைனா தள்ளி வைத்தார். பரிமாறுகிற பெண் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நைனாவின் தோளைத் தட்டி, “என்ன சாப்பிடுறீங்க, பேபி?” என்றாள். இங்கே தொட்டில் குழந்தையிலிருந்து தொண்ணூறு வயதுவரை எல்லாரும் பேபிதான். நைனா பின்னால் திரும்பிப் பார்த்தார். “யார சொல்லுது அந்தப் பொண்ணு? எனக்கு அறுவத்தாறு ஆவுது.” வேறொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். என் கண் முழுக்கச் சமையலறைச் சுவரில் இருந்த சதுர ஜன்னலில்தான் இருந்தது. அதன் வழியாக வெள்ளைத் தலைத்துணி கட்டிய ஓடெட் அம்மாளின் தலை வந்து வந்து போனது.

கம்போ வந்தது. மாவை எண்ணெயில் செக்கச்செவேலென்று வரும்வரை வறுத்து, அதில் வெண்டைக்காயும் நண்டும் இறாலும் போட்டுக் கொதிக்கவிட்டு, நடுவில் ஒரு கரண்டி சோறு வைத்துக் கிண்ணத்தில் தருவார்கள். நைனா குனிந்து மோந்து பார்த்தார். “இது இன்னாது, வெண்டிக்கா போட்ட நண்டு கொழம்பா? கிண்ணத்துல குடுத்தா எப்பிடி துன்றது? ஒரு தட்டு கேளு. சோறு தனியா கேளு.” தட்டும் சோறும் வந்ததும் ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டு, கம்போவைச் சோற்றின்மேல் ஊற்றிப் பிசைந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். நைனாவுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. நண்டுக்காலைக் கடைவாயில் வைத்துக் கடித்து உறிஞ்சினார். “புளி இல்ல. ஆனா ருசி கீது. மாவு அடி புடிக்கவே இல்ல பாரு. எவளோ ஒரு மவராசி பக்கத்துலயே நின்னு கிண்டிகினு இருந்துருக்கா” என்றார்.

 திட்டம் பலித்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். மாறாக, அவர் ஒவ்வொரு வாய் எடுக்கும்போதும் பயம் கூடிக்கொண்டே போயிற்று. வேண்டாம், போதும், எழுந்து போய்விடலாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் சமையலறைக் கதவு திறந்தது.

ஓடெட் அம்மாள் கையில் இன்னொரு கிண்ணம் கம்போவோடு நேராக எங்கள் மேசைக்கு வந்தார். “மன்னிச்சுக்கோ பேபி, உள்ளே நிற்க முடியவில்லை” என்றார் என்னிடம். “டூரிஸ்டுகள் என் நண்டை ஸ்பூனால் ஒதுக்கி வைப்பதைத்தான் இருபது வருடமாகப் பார்க்கிறேன். இன்றைக்கு ஒருத்தர் கடித்துச் சாப்பிடுகிறார்.” நைனா பக்கம் திரும்பினார். “நான் டெரன்ஸின் அம்மா. அவன் உங்களைப் பற்றிப் பேசாத நாளே இல்லை.”

நைனாவுக்குத் தொழிற்சாலை ஆங்கிலம் தெரியும். இதைப் புரிந்துகொள்ள அது போதும். பிசைந்த சோறு விரல்களில் இருக்க, கை தட்டுக்கு மேலே அப்படியே நின்றது. எச்சில் கையோடு கும்பிட முடியாது என்பதால் இடது கையை நெஞ்சில் வைத்து ஓடெட் அம்மாளுக்குத் தலையசைத்தார். அவர் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

“அந்த பையனோட அம்மாவா?”

“ஆமா நைனா.”

“கடை அவங்கள்துதா?”

“ஆமா.”

“தெரிஞ்சேதான் இட்டாந்தியா?”

நான் தலையை ஆட்டினேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிசைந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார், புதிய கிண்ணத்தைத் தொடவில்லை. கை கழுவப் போனார். போனவர் வரவேயில்லை. பத்து நிமிடம் இருக்கும். எழுந்து போய்ப் பார்க்கவும் தைரியமில்லாமல் ஐஸ் உருகுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்து உட்கார்ந்து, அடுத்த மேசைக்குக் கேட்காத குரலில் சொன்னார். “அமுதாவ பாக்க நாலு ஊட்லேந்து வந்தாங்க. மூணு ஊட்டுக்காரங்க அப்புறம் சொல்றோம்னு எழுந்து பூட்டாங்க. நான் பொண்ண பெத்தவன், கைய கட்டிகினு நின்னேன். பாத்துட்டு சொல்றேன்னு சொல்ற எடம், இந்த வயசுல மொத தபா எனக்கு கெட்ச்சுது. அத்த நீ சோத்துல பெசஞ்சு எனக்கே ஊட்டிட்டியேமா.”

நான் அழுதேன். அதை அவர் கண்டுகொள்ளவில்லை. “பில்ல கொண்டாற சொல்லு” என்றார்.

பில் கேட்டதும் ஓடெட் அம்மாளே வந்துவிட்டார். “குடும்பத்துக்கு இந்தக் கடையில் பில் கிடையாது” என்றார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. நைனா என்னைப் பார்த்தார். அந்த நொடியில் இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பில் போடும் மிஷின் ரிப்பேர், நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாமாம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

“குடும்பமா? இன்னும் ஆவலையே” என்றார் நைனா. “ஓட்டல்ல துன்னா காசு குடுக்கணும். காசு குடுத்துட்டா இது ஓட்டல் சோறு. அவங்க ஊட்டு சோறு இல்ல. கோச்சுக்க ஒண்ணும் இல்லன்னு சொல்லு.”

அதையும் சொன்னேன். ஓடெட் அம்மாளின் முகம் இறுகிவிட்டது. அவர் வாழ்நாளில் எத்தனை பேர், இவர் யார், என்ன நிறம் என்று பார்த்த பிறகு எழுந்து போயிருப்பார்களோ. “என் சமையலறையை வந்து பார்க்கச் சொல். தரையில் போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். என்னைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் காசு ஞாபகம் வந்ததா?” என்று கேட்டார். நான் பதறிப்போய் அவரைச் சமையலறைக் கதவோரம் அழைத்துப்போனேன். நெமிலிச்சேரிக்காரர்கள், ஆறிப்போன சாதம், அக்கா, என் திட்டம் எல்லாவற்றையும் கொட்டினேன். பாதிக்குமேல் புரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன். அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

“அவருக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. என் கம்போவை வைத்து உன் அப்பாவைப் பொறியில் பிடித்திருக்கிறாய்.” அப்போது என்னை பேபி என்று சொல்லவில்லை. நேராகப் போய்ப் பில்லைப் போட்டார். நான் குடித்த எலுமிச்சைச் சாறுகூட அதில் விடுபடவில்லை. நைனா காசை வைத்துவிட்டு எழுந்து, இப்போது கழுவிய இரண்டு கையாலும் முறையாகக் கும்பிட்டார். ஓடெட் அம்மாள், “நன்றி, சார்” என்றார். ஒரே மேசையில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் என்மேல்தான் கோபமாக இருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் ஒற்றுமை வந்துவிட்டது.

அடுத்த மூன்று நாள் நைனா அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. காலையில் ஆற்றங்கரையில் தனியாக நடந்துவிட்டு வருவார். அக்காவிடம் போனில் பேசுவார், நான் அறைக்குள் வந்தால் பேரன் படிப்பைப் பற்றிப் பேச்சு மாறும். ஆய்வுக்கூடத்தில் ஒரே தண்ணீரை இரண்டு தடவை சோதித்துவிட்டு, அடுத்த புட்டியை மறந்துபோனேன். டெரன்ஸ் போன் செய்து, “அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். எனக்கே தெரிந்தால்தானே. நைனா திரும்பிப் போக ஒன்பது நாள் இருந்தது. ஒன்றும் சொல்லாமலே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், கோவில்பதாகை வீட்டுக்கு இனிமேல் நான் யாராகப் போய் இறங்குவேன் என்பதுதான் நினைப்பாகவே இருந்தது.

நாலாவது நாள் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். “அவங்க ஊடு எங்க கீது?”

“பக்கம்தான் நைனா. இருபது நிமிசம்.”

“கடைக்கு லீவு என்னிக்கு?”

“திங்கக்கெழம.”

“வர்றோம்னு முன்னாடியே சொல்லிடு. திடுதிப்புனு போவக்கூடாது. பழம் வாங்கிகினு போலாம்.”

திங்கட்கிழமை வாழைப்பழம், ஆப்பிள், ஒரு கட்டுப் பூ எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். மஞ்சள் பெயிண்ட் அடித்த மரவீடு. டெரன்ஸ் சட்டையைப் பேன்ட்டுக்குள் செருகிக்கொண்டு, இன்டர்வியூவுக்கு வந்தவர்போல வாசலில் நின்றார். நைனா அவர் உள்ளங்கையைத் திருப்பி, நகத்தடியில் இருந்த கிரீஸ் கறையைப் பார்த்தார். என்ன எஞ்சின், எத்தனை சிலிண்டர், பேரிங் எத்தனை மாதம் தாங்கும் என்று தன் தொழிற்சாலை ஆங்கிலத்தில் விசாரித்தார். இருவரும் பேப்பரில் ஏதோ படம் போட்டுக்கொண்டார்கள். சாப்பாட்டு மேசையில் சோறு, கம்போ, பொரித்த மீன் எல்லாம் தயாராக இருந்தது. நைனா அந்தப் பக்கமே பார்க்காமல் சோபாவில் கையை முட்டிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓடெட் அம்மாள் சாப்பிடக் கூப்பிடவில்லை. ஐஸ் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தார். நைனா இந்தமுறை டம்ளரைத் தள்ளி வைக்காமல் இரண்டு வாய் குடித்தார். தண்ணீர் கணக்கில் சேராது என்று எனக்குத் தெரியும். 

பிறகு ஓடெட் அம்மாள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் சொல்வதை உன் அப்பாவிடம் அப்படியே சொல்ல வேண்டும். ஒன்றையும் கூட்டாதே, குறைக்காதே” என்றார் என்னிடம். பிறகு நைனாவைப் பார்த்து, “உங்கள் பெண்ணை எங்கள் வீட்டுக்குத் தருவீர்களா?” என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.  நைனாவைப் பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறேன். “நைனா... உங்க பொண்ண எங்க ஊட்டுக்கு குடுப்பீங்களா?” என்றேன். அவர்கள் கேட்கிறார்கள் என்று சேர்க்கக்கூட மறந்துபோயிற்று. என்னை நானே பெண் கேட்டு நின்றேன்.

நைனா, “கொஞ்ச நேரம் ஆவட்டும்னு சொல்லு” என்றார்.

சொன்னேன். ஓடெட் அம்மாள், “ஆகட்டும். அவசரமில்லை” என்றார். டெரன்ஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் போயிற்று. நைனா நிமிர்ந்து, வீட்டை, ஜன்னலை, அந்த அம்மாவை, அந்தப் பிள்ளையை, கடைசியில் என்னை நிதானமாகப் பார்த்தார். அவருக்காக அத்தனை பேரும் காத்திருந்தோம். அக்காவின் கல்யாணத்திலும் அவருக்குக் கிடைக்காத ஐந்து நிமிடம் அது. பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே எழுந்தார்.

“கை கழுவ தண்ணி எங்க கீது?”

என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. தேவையும் இருக்கவில்லை. ஓடெட் அம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். நைனா கை கழுவிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தார். ஓடெட் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை என் கையில் கொடுத்து, “நீயே பரிமாறு, பேபி. இது உன் வீடு” என்றார். அதே நேரத்தில் நைனா தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, “இன்னா நிக்கிற? நாம விருந்தாளிங்க. வந்து உக்காரு” என்றார். இவர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை, அவர் சொன்னது இவர் காதில் ஏறவில்லை. இரண்டு பேருமே எனக்காகக் காத்திருந்தார்கள். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் காலி நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.